மாமா என்று சொல்லக்கூடாத கடை

துறைமுகச் சுவரை ஒட்டிய அந்தத் தெருவில் அக்காலத்தில் மேல்கடை, நடுக்கடை, பள்ளக்கடை என மூன்று மதுக்கடைகள் இருந்தன. பெயர்ப்பலகைகளில் வேறு பெயர்கள் எழுதப்பட்டிருக்கலாம். உப்புக்காற்று அவற்றை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. மேல்கடையில் சுங்க அலுவலர்கள் குடித்தார்கள்; நடுக்கடையில் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள். பள்ளக்கடைக்குப் படியிறங்கிப் போக வேண்டும். அங்கே யார் குடிக்கிறார்கள் என்று கேட்பது அந்நகரத்தில் நல்ல பழக்கமாகக் கருதப்படவில்லை.

எங்கள் அத்தை மகன் அந்தப் பள்ளக்கடையில்தான் ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தார். முறைக்கு எனக்கு அத்தான். எந்நேரமும் தோளில் ஈரத்துண்டு கிடந்ததால் கடையில் அவருக்குத் ‘துண்டு’ என்றே பெயர். தாம் ஒரு சொட்டும் குடித்தறியாதவர் என்று தம் தாய்மேல் ஆணையிட்டுச் சொல்வார். நான் நம்புகிறேன். என் தந்தையார் நம்பினாரா என்பதுதான் அத்தான் வாழ்க்கையின் பெரிய கேள்வியாக இருந்தது. ஏனெனில் என் அக்காளை மணக்க அவர் ஆசைப்பட்டார். அப்பா சொன்ன பாதியையும் அத்தான் சொன்ன பாதியையும் சேர்த்து இதை எழுதுகிறேன். இருவர் கூற்றும் முரண்பட்ட இடங்களில் அத்தையைக் கேட்டுக்கொண்டேன்.

பள்ளக்கடையைப் போல் ஐயம் குடிகொண்ட இடத்தை நான் கேள்விப்பட்டதில்லை. முக்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்தன. எடுத்து வீசக்கூடாது அல்லவா? கண்ணாடிக் குவளை ஒன்றுகூடக் கிடையாது. உடைந்த கண்ணாடி எதற்கெல்லாம் பயன்படும் என்பதைக் கடை பலமுறை கண்டிருந்தது. எல்லாம் தகரக் குவளைகளே. சுவரில் முதுகு சாய்த்து உட்காரும் இடங்களுக்குப் போட்டி நடக்கும். நடுவில் உட்காருபவன் புதியவன், அல்லது மூடன். அறிமுகமில்லாதவன் வந்தால் பேச்சு நிற்கும். அவன் இரு கைகளும் மேசைமேல் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் மீண்டும் தொடங்கும். அந்த அறையில் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டியதில்லை. அத்தானும் பின்புறமாகவே நடந்து பீப்பாய்க்குப் போகப் பழகியிருந்தார்.

ஒருவன் மேல் ஐயம் விழுந்தால் அடிதடி உடனே வராது. அதற்கு முன்னே ஒரு வழக்கம் உண்டு. அவன் ஊற்றுவதை, அல்லது அவன் வாங்கித் தருவதை, யாரும் தொடமாட்டார்கள்; தத்தம் குவளையை மேசைமேல் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த குவளைகளைக் கண்டவன் தானாக எழுந்து படியேறிவிட்டால் பிழைத்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அண்ணன், தம்பி, சித்தப்பா, மச்சான் எல்லாம் அங்கே அழைப்புச் சொற்கள்தான். ‘மாமா’ மட்டும் கூடாது. அந்தச் சொல் காவலரைக் குறித்தது. படிமேல் நிற்பவன் “மாமா வர்றாரு” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். சீட்டுகள் மறையும், தீர்வை முத்திரை இல்லாத பீப்பாய்கள் சாக்குகளுக்குப் பின்னால் போகும், சிலர் பின்கதவால் காற்றாய்க் கரைவார்கள். தாய்மாமனோடு குடிக்க வந்தவனும் உள்ளே அவரைப் ‘பெரியவரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் உறவாகவும் விருந்தாகவும் விளங்கிய ஒரு சொல் படியிறங்கியதும் அச்சமாக மாறிவிட்ட விந்தையை எண்ணிப் பார்க்கிறேன். சொற்களுக்கும் மனிதரைப் போலவே போகும் இடத்துக்கேற்ற முகம் உண்டு போலும்.

இனி என் தந்தையாரைப் பற்றி. அவர் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகர். காக்கி அங்கி, தடித்த மீசை, விடியலிலும் அந்தியிலும் துதிப்பாடல். மனித குலத்தைச் சீட்டு வைத்திருப்பவர், இல்லாதவர் என இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். வைத்திருப்பவரையும் முழுதாக நம்பமாட்டார். பழைய சீட்டாக இருக்கலாம். அத்தான் அவரிடம் தாம் கண்ணாடிப் பொருள் விற்கும் கடையில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கண்ணாடியே இல்லாத கடையில் இருந்துகொண்டு இப்படி ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்த துணிவை என்னவென்பது!

அப்பா அத்தானின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாராம்.

“கண்ணாடிக் கடைல வேலை பாக்கறவன் கையில ஒரு கீறல்கூட இல்லையேப்பா?”

“பத்திரமா எடுப்பேன் மாமா.”

“தோள்ல ஏன் எப்பவும் ஈரம்?”

“துடைக்கணும்ல மாமா. தூசி.”

“ஈரத்துணியில கண்ணாடி துடைச்சா கறை நிக்கும். காய்ஞ்ச துணியிலதான் துடைக்கணும். உங்க கடைல அதெல்லாம் சொல்லித் தரலையா?”

அத்தை குறுக்கே வந்து, “வந்த பிள்ளையை விசாரணை பண்ணாம ஒரு வாய் தண்ணி குடிக்க விடேண்டா தம்பி” என்று காப்பாற்றுவாள். அத்தைக்கு மகன் செய்யும் வேலை தெரியும். என் அக்காளுக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டுமே தெரியாது.

ஒருநாள் அத்தான் பள்ளக்கடைக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போய், அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் அப்பாவின் பேருந்துப் பணிமனைக்குப் பேசினார். திருமணப் பேச்சை எடுக்க வேண்டும். அதற்குத் தம் வீட்டுக்கு அழைத்தார்.

“மாமா, நாளைக்குச் சாயங்காலம் கண்டிப்பா வந்துடுங்க. எல்லாரும் இருப்பாங்க. நேர்லயே பாத்து ஒரேயடியா முடிச்சிடலாம்.”

மறுநாள் அத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டார். அப்பா வந்தார், உட்கார்ந்தார், “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்து போனார். அதே மாலையில், அதே பொழுதில், காவலர் பள்ளக்கடைக்குள் முன்வாசலாலும் பின்கதவாலும் ஒருசேர நுழைந்தனர். முத்திரையில்லாப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போனார்கள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களை வண்டியில் ஏற்றினார்கள். பின்கதவு இருப்பது வெளியாருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

அடுத்த நாள் அத்தான் எதுவும் அறியாதவராகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். முதல் குவளையை ஊற்றி வைத்தார். எதிரே இருந்தவன் அதைச் சாய்த்துத் தரையில் ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்தான். அடுத்தவன் கவிழ்த்தான். சுவரோரம் முழுவதும் தகரம் மேசையில் மோதும் ஒலி வரிசையாக எழுந்தது. தம் நெஞ்சுக்குள் யாரோ கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவது போல் இருந்ததாக அத்தான் பின்னாளில் சொன்னார்.

“என்னாச்சு? ஏன் எல்லாரும் கவுக்கறீங்க?” என்றார்.

சுமைதூக்கிகளின் தலைவரைக் ‘கொக்கி’ என்பார்கள். மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி எந்நேரமும் அவர் இடுப்பில் தொங்கும். அவர் எழவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

“துண்டு, நேத்து எங்கடா போயிருந்தே?”

“வீட்ல ஒரு விசேஷம்ணே.”

“முந்தாநாள் யாருக்கு ஃபோன் பண்ணே?”

கொக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மெலிந்த மனிதன் முன்னே சாய்ந்தான். தெருச் செய்தி எல்லாம் அவன் வாய்வழியே பரவியதால் அவனுக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

“நான் சொல்றேன்ணே. ‘மாமா, நாளைக்கு வந்துடுங்க. எல்லாரும் இருப்பாங்க. ஒரேயடியா முடிச்சிடலாம்.’ என் ரெண்டு காதாலயும் கேட்டேன். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாக்கலாம்!”

“ஐயோ, அது என் சொந்த மாமா! அம்மா கூடப் பிறந்தவரு!”

அறையே சிரித்தது.

“எல்லாருக்கும் சொந்தம்தான்டா அவங்க. ராத்திரி தங்க வெச்சுச் சோறே போடறாங்க!” என்றான் ஒருவன்.

சிரிப்பில் கலந்துகொள்ளாதவள் கடைக்கு உரியவளான முதலாளியம்மா ஒருத்திதான். கணவன் இறந்தபின் படியோரத்து உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து கடை நடத்திய அம்மாள், அடங்கிய குரலில் பேசுபவள்.

“சிரிச்சது போதும். அந்த மாமாவைக் கூட்டிட்டு வரட்டும். பாத்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் தம்பி, நீ பீப்பாய்ப் பக்கம் போகாதே.”

கொக்கி தலையசைத்தார். “சனிக்கிழமை சாயங்காலம். கூட்டிட்டு வரலைன்னா நீ இந்தத் தெருவுல இருக்காதே. உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போயிடு. அவங்க வயசானவங்க, பாவம்.”

கடைசிச் சொல் இரக்கமாகச் சொல்லப்பட்டதா, மிரட்டலா என்று அத்தானுக்கு விளங்கவில்லை.

அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். மாமாவை அழைத்து வராவிட்டால் காட்டிக்கொடுத்தவன் என்ற பழி. துறைமுகப் பக்கம் எந்தக் கடையும் சேர்க்காது, உயிருக்கும் உறுதியில்லை. அழைத்து வந்தாலோ கண்ணாடிக் கடை உடைந்து நொறுங்கும், பெண் கிடைக்காது. பழியைத் துடைக்க வல்ல ஒரே மனிதரும், மறைத்ததை அறியவே கூடாத ஒரே மனிதரும் ஒருவராகவே இருந்தார்.

சனிக்கிழமை அத்தான் பணிமனை வாசலில் போய் நின்றார். வேலை முடிந்து அப்பா காக்கியைக் கழற்றாமலே வெளியே வந்தார்.

“என்னப்பா, நான் இன்னும் யோசிச்சு முடிக்கலையே?”

“அதுக்கில்லை மாமா. நான் வேலை பாக்கற எடத்துக்கு ஒரு தடவை வரணும்.”

“ஏன், கண்ணாடி எதுவும் உடைஞ்சு போச்சா?”

“வாங்க மாமா” என்று அத்தான் முன்னே நடந்தார்.

அப்பா வழி நெடுகப் பேசாமல் நடந்தார். பரிசோதகர் பேசாமல் வந்தால் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருகிறார் என்று பொருள். தெருமுனையில் கடல்வாடை வீசியது. மேல்கடை வாசலில் வேறு வாடை. பள்ளக்கடைப் படி வந்ததும் நின்றார்.

“இது கண்ணாடிக் கடை இல்லை.”

“இல்லை மாமா.”

“எவ்வளவு நாளா?”

“ஆரம்பத்துலேர்ந்தே மாமா.”

“வீட்ல யாருக்குத் தெரியும்?”

அத்தான் தலை குனிந்தார். அந்தக் குனிவிலேயே அப்பாவுக்கு விடை கிடைத்துவிட்டது. தம் தமக்கை முகமும் மகள் முகமும் அடுத்தடுத்துத் தோன்றியதாகப் பின்னர் என்னிடம் சொன்னார். திரும்பி நடந்திருக்கலாம். அதற்குள் அத்தான் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். தொலைபேசி, ரெய்டு, கவிழ்ந்த குவளைகள், சனிக்கிழமைக் கெடு. அப்பா கேட்டு முடித்தார்.

“டிக்கெட் வாங்க மறந்துட்டேன்னு சொல்றவனை நான் எத்தனையோ தடவை விட்டிருக்கேன். பழைய டிக்கெட்டை நீட்டறவனை விட்டதே இல்லை. நீ எந்த வகைன்னு உனக்கே தெரியும்” என்றார். பிறகு, மதுக்கடை வாசலை மிதிப்பதில்லை என்று இளமையில் எடுத்த நோன்பை மனத்துக்குள் இறைவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, படியிறங்கினார்.

மேலிருந்து முதலில் தெரிந்தவை பழுப்பு நிறக் காலணிகள். பிறகு காக்கி. பிறகு மீசை.

“மாமா!” என்று யாரோ அலறினான். குவளைகள் உருண்டன. விளக்கொன்று அணைந்தது. பின்கதவில் இருவர் ஒருசேர நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். ரேடியோ முக்காலிமேல் ஏறி நின்று, “சொன்னேன்ல! சொன்னேன்ல! ஆளையே கூட்டிட்டு வந்துட்டான் பாருங்க!” என்று கத்தினான்.

“நில்லுங்கடா!” என்றது மூலையில் ஒரு குரல். கிடங்கு காவல்காரன் ஒருவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னே வந்தான். “இவரு போலீஸ் இல்லைடா. பஸ்ல செக்கிங் பண்றவரு. கொட்டற மழையில என்னை நடுப்பாலத்துல இறக்கி விட்ட மகராசன்!”

“டிக்கெட் எடுத்திருந்தியா?” என்றார் அப்பா.

“இல்லை சார்.”

“அப்புறம் என்ன?”

வேறு சிலரும் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்தக் கடையில் அவரிடம் பிடிபடாதவர்கள் குறைவு. கொக்கியே மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளியம்மா மட்டும் நேராகக் கேட்டாள்.

“ஐயா, இந்தத் தம்பி உங்களுக்கு என்ன உறவு?”

“அக்கா மகன்.”

“போன வாரம் உங்களுக்கு ஃபோன் பண்ணிச்சா? என்ன சொல்லிச்சு?”

அப்பாவின் முகத்தில் சினம் அப்படியே இருந்தது. தம்மை இத்தனை காலம் ஏமாற்றியவன் எதிரே நிற்கிறான். ‘எனக்கு ஃபோன் வரவில்லை’ என்று ஒரு வார்த்தை போதும், அவன் தொல்லை தம் வீட்டுக்கு நிரந்தரமாக ஒழிந்துவிடும். அப்பா அத்தான் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார்.

“பண்ணான். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, எல்லாரும் இருப்பாங்க, நேர்ல பாத்து முடிச்சிடலாம்னான். என் பொண்ணைக் கேக்கறதுக்கு. போனேன். அந்த நேரம் பூரா இவன் என் எதிர்லதான் உக்காந்திருந்தான்.”

ரேடியோ மெதுவாக முக்காலியிலிருந்து இறங்கினான். ஆனால் அப்பா விடவில்லை. இரண்டு கட்டை விரல்களையும் இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டார். வண்டியில் கடைசி இருக்கைவரை பார்க்கப் போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

“இவன் பேசினதைக் கேட்டது யாரு?”

“நான்தான்” என்றான் ரேடியோ.

“எங்க நின்னு கேட்டே?”

“மருந்துக் கடைலதான். மாத்திரை வாங்கப் போயிருந்தேன்.”

அப்பா கொக்கியிடம் திரும்பினார். “நான் அந்தக் கடையைப் பாத்ததில்லை. மாத்திரை வாங்க நிக்கற எடத்துலேர்ந்து ஃபோன் பேசறது கேக்குமா?”

கொக்கி தாடையைச் சொறிந்தார். “கேக்காதே சார். ஃபோன் உள்ளே தள்ளி, தட்டிக்குப் பின்னாடி இருக்கு. அடுத்துப் பேச நிக்கறவனுக்குத்தான் கேக்கும்.”

“அப்ப இவரு பேச நின்னிருக்காரு. யாருக்குப் பேச நின்னீங்க தம்பி?”

“எங்க… எங்க அக்காவுக்கு.”

“உனக்கு ஏதுடா அக்கா?” என்றது சுவரோரத்துக் குரல் ஒன்று.

பின்பு ஒரு குவளை கவிழும் ஓசை கேட்டது. அதற்கப்பால் இன்னொன்று. ரேடியோ எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். படியேறிப் போனான். அதன்பின் அந்தத் தெருவில் அவனைக் கண்டவர் இல்லை. காட்டிக்கொடுத்தவன் அவன்தானா, அல்லது வெளியே சொல்ல விரும்பாத ஒருத்தியோடு பேசத்தான் நின்றானா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பாவைக் கேட்டால், “நான் கேள்விதான் கேட்டேன், தீர்ப்புச் சொல்லலையே” என்பார். எனக்கு அந்த விடையில் நிறைவில்லை. நடுங்கும் வாய் எல்லாம் பொய்சொல்லும் வாய் ஆகிவிடாது.

கொக்கி தம் குவளையை நிமிர்த்தி அத்தான் பக்கம் தள்ளினார். “ஊத்துடா துண்டு.”

அத்தானுக்குக் கை நீளவில்லை. அவர் படிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஏறிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அன்று அப்பா என் அக்காளை நிற்க வைத்துக் கேட்டார்.

“அவன் எங்க வேலை பாக்கறான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்பா.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க அவரைக் கேட்டீங்க, அத்தையைக் கேட்டீங்க. என்னைக் கேக்கவே இல்லையே?”

ஊரையே ஐயுற்ற மனிதர் தம் கூடத்தில் வளர்ந்தவளை ஐயுறவில்லை. அன்று இரவும் மறுநாள் விடியலிலும் அவர் பாடவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

கல்யாணம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம், பணி முடிந்து திரும்பும் வழியில், பள்ளக்கடைப் படிமேல் வந்து நின்றார். உள்ளே போகவில்லை. அத்தானை வெளியே கூப்பிட்டார்.

“ஊது.”

அத்தான் ஊதினார். அப்பா மோந்து பார்த்தார். போய்விட்டார்.

அதற்கடுத்த வாரமும் வந்தார். வரும் நாள் மாறிக்கொண்டே இருக்கும். சொல்லிவிட்டு வருவது சோதனை ஆகாது என்பது அவர் கொள்கை. மழைக்காலம் போய் வெயில் வந்தும் வருவது நிற்கவில்லை. கடையில் இது பெரிய வேடிக்கை ஆயிற்று. “துண்டு, மாமா வந்துட்டாரு, ஊதிட்டு வா!” என்று கூவுவார்கள். இதனால் நேர்ந்த சங்கடம் ஒன்று உண்டு: உண்மையான காவலர் வந்தபோது படிமேல் நின்றவன் “மாமா!” என்று குரல் கொடுத்தான், பீப்பாயை மறைக்க வேண்டியவர்கள் அசையாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீண்டும் வண்டி நிறைந்தது. முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டு, இனி எச்சரிக்கைக்கு வேறு சொல் பார்க்கும்படி ஆணையிட்டாள். என்ன சொல் வைத்தார்கள் என்பதை அத்தான் என்னிடமும் சொல்லவில்லை.

முகத்துக்கு முகம் ஊதும் அந்தச் சில நொடிகளில் இருவரும் என்ன நினைத்தார்கள்? அப்பா வாடையைத் தேடினார். அத்தானோ அவர் கண்களில் ஒரு தளர்வைத் தேடினார். ஒருவரும் தேடியதைக் கண்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் அப்பா நெடுநேரம் மோந்தார். பின்வாங்கினார். மீண்டும் அருகே வந்து மோந்தார். உள்ளே யாராவது விளையாட்டாகத் தம் தண்ணீரில் எதையாவது கலந்துவிட்டார்களோ என்று அந்த ஒரு கணத்தில் கடையில் இருந்த அத்தனை பேரையும் அத்தான் ஐயுற்றாராம்.

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை உங்கம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வா.”

“எதுக்கு மாமா?”

“கேள்வி கேக்கறது என் வேலை” என்று சொல்லிவிட்டு, அப்பா பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.